அடக்கும் செல்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் ஒரு கொடி உண்டு. காக்காய்க்கொல்லி என்பார்கள். அதன் காயை இடித்துத் தேங்கிய நீரில் கலந்தால் மீன்கள் நிலைகுலைந்து மேலே மிதக்கும், கையாலேயே அள்ளிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் காய் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பியரில் கசப்பும் கிறுகிறுப்பும் கூட்டுவதற்காகக் கலப்படக்காரர்கள் அதை வாங்கினார்கள். 1812-ல் பிரான்ஸில் பூலே என்ற மருந்தாளர் அதிலிருந்த நஞ்சைத் தனியே பிரித்தெடுத்தார். பிக்ரோடாக்ஸின் என்று பெயரானது.

இந்த நஞ்சு சிறிதளவு உடலில் ஏறினாலே ஒரு விலங்குக்கு வலிப்பு வந்துவிடும். அதன் மூளையில் கட்டி இல்லை, பழைய காயம் இல்லை, பரம்பரைக் கோளாறும் இல்லை. சற்று முன்புவரை நலமாக ஓடியாடிக்கொண்டிருந்த விலங்குதான். பிக்ரோடாக்ஸின் மூளையைத் தூண்டிவிடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது எதையும் தூண்டுவதில்லை. மூளைக்குள் இடைவிடாமல் நடந்துகொண்டிருந்த ஓர் அடக்குதலை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். மற்றதை மூளை தானாகவே செய்துகொள்கிறது.

ஆகவே, வலிப்பு என்பது யாரோ சிலருடைய மூளைக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. இதைப் படிக்கும் உங்கள் மூளைக்கும் எழுதும் என் மூளைக்கும் அந்த வாய்ப்பு பிறவியிலேயே உண்டு. நமக்கு வலிப்பு வரவில்லை என்றால், இந்த நொடியில் கோடிக்கணக்கான செல்கள் அதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களை ஊர் ஒதுக்கிவைக்கும்போதெல்லாம் இந்த உண்மை எனக்கு நினைவுக்கு வரும். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய கோடுதான்.

பெருமூளைப் புறணியில் இருக்கும் நரம்புச் செல்களில், அதாவது நியூரான்களில், ஐந்தில் நான்கு பங்கு தூண்டும் வகை. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற நியூரான்களோடு சினாப்ஸ் என்ற இணைப்புகள் வழியே தொடர்பு கொண்டது. அவற்றில் பெரும்பாலானவையும் தூண்டுபவையே. ஒன்று பலவற்றை எழுப்ப, அவை இன்னும் பலவற்றை எழுப்ப, முதலில் எழுப்பியதையே திரும்ப எழுப்ப, சில கணங்களில் மொத்தப் புறணியும் ஒரே குரலில் கத்திவிடும் அமைப்பு அது. மீதி ஐந்தில் ஒரு பங்கான தடுப்பு நியூரான்கள்தாம் அதை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்கின்றன.

எண்ணிக்கையில் குறைவு என்றாலும் வகையில் இவற்றுக்கு ஈடில்லை. சில, தூண்டும் செல்லின் உடலைச் சுற்றிக் கூடைபோலப் பின்னிப் படர்கின்றன. சில, அதன் கிளை நுனிகளுக்குப் போய், வரும் செய்திகளை வழியிலேயே வடிகட்டுகின்றன. எனக்கு மிகவும் வியப்பூட்டுவது சரவிளக்கு செல். செய்தியை வெளியே அனுப்பும் இழையான ஆக்ஸானின் முனைகள் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் அந்தப் பெயர். ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் ஷொமோட்யி 1970-களில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த முனைகள் எங்கே போய்த் தொடுகின்றன என்பது தெரியவந்தது. தூண்டும் செல்லின் ஆக்ஸான் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, மின்துடிப்பு எந்த இடத்தில் பிறக்கிறதோ, சரியாக அங்கே. இப்படி நூற்றுக்கணக்கான செல்களின் பிறப்பிடத்தில் ஒரே ஒரு சரவிளக்கு செல் கைவைத்திருக்கும். கூடை செல்கள் வேகத்தில் பெயர்பெற்றவை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்கக்கூடியவை. அவை நிறுத்துவதோடு நிற்பதில்லை. எந்தச் செல் எந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பேசலாம் என்று காலத்தையும் வகுத்துக் கொடுக்கின்றன. நாம் கவனம் செலுத்தும்போது புறணியில் எழும் காமா அலைகள் இவற்றின் வேலை.

இந்தச் செல்கள் பேசும் ரசாயனத்தின் பெயர் காபா. 1950-ல் யூஜின் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலி மூளையில் அது ஏராளமாக இருப்பதைக் கண்டார். எதற்காக இருக்கிறது என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. அதே காலத்தில் எர்ன்ஸ்ட் ஃப்ளோரி என்ற ஆய்வாளர், மூளையிலிருந்து வடித்த சாற்றில் கிரேஃபிஷ் என்ற நன்னீர் உயிரியின் நரம்பை அமைதிப்படுத்தும் ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்திருந்தார். 1957-ல் இரண்டும் ஒன்றே என்று உறுதியானது. காபா உருவாகும் விதம் அழகானது. மூளையின் முதன்மையான தூண்டு பொருள் குளுட்டமேட். அதிலிருந்து ஒரு கார்பன்-டை-ஆக்ஸைடு மூலக்கூறைக் கழற்றிவிட்டால் கிடைப்பதுதான் முதன்மையான அடக்கு பொருளான காபா. எழுப்புவதையும் அடக்குவதையும் பிரிப்பது அவ்வளவு சிறிய வேதிவினை.

அந்த வினையைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் பி6 துணை தேவை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட புட்டிப்பால் உணவை மட்டும் குடித்து வளர்ந்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயாரிப்பின்போது ஏற்றிய சூட்டில் பாலிலிருந்த பி6 அழிந்துபோயிருந்தது. வைட்டமினைக் கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். காசநோய்க்கு நம் ஊரில் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரையும் பி6-ஐக் குலைக்கும். அதை அளவுமீறி விழுங்கியவர்களுக்குக் கடுமையான வலிப்பு வரும்; அதற்கு மாற்று மருந்து ஊசி வழியே ஏற்றும் பி6.

இதுவரை சொன்னதை வைத்து, மூளையில் தூண்டுதல் ஒரு தட்டு, அடக்குதல் மறுதட்டு, சமநிலை தவறினால் வலிப்பு என்று முடித்துவிடலாம். பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் அப்படித்தான் முடித்தன. ஆனால் தடுப்பு நியூரான்களின் இளமைக் கதை தெரியவந்த பிறகு அந்தப் படம் போதவில்லை. அடக்குவதற்கு முன்பு இவை மூளையைக் கட்டுகின்றன.

கருவிலிருக்கும் குழந்தையின் தூண்டும் நியூரான்கள் புறணிக்கு நேர்கீழே பிறந்து, மேலே ஏறித் தத்தம் அடுக்கில் அமர்கின்றன. தடுப்பு நியூரான்களும் அங்கேயே பிறப்பதாகத்தான் நெடுநாள் கருதியிருந்தார்கள். 1997-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் ரூபன்ஸ்டைன் குழுவினர் இரண்டு மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிக் கருக்களைப் பார்த்தபோது புறணியில் காபா செல்கள் மிகச் சிலவே இருந்தன. அந்த மரபணுக்களோ புறணியில் வேலை செய்பவை அல்ல. மூளையின் அடிப்பகுதியில் தற்காலிகமாகத் தோன்றி மறையும் ஒரு மேட்டில் வேலை செய்பவை. அப்போதுதான் புரிந்தது: தடுப்பு நியூரான்கள் அந்த மேட்டில் பிறந்து, பக்கவாட்டாகத் தவழ்ந்து, வளைந்து திரும்பிப் புறணிக்கு வந்துசேர்கின்றன. ஒவ்வொன்றும் முன்னால் ஒரு கிளையை நீட்டித் துழாவி, வழி சரியென்றால் உடலை இழுத்துக்கொண்டு நகரும்.

மனிதக் குழந்தையில் இந்தப் பயணம் பிறப்போடு முடிவதில்லை. 2016-ல் மெர்சிடஸ் பரேடஸும் ஆர்த்துரோ ஆல்வாரஸ்-பூயாவும் வெளியிட்ட ஆய்வு, பிறந்து சில மாதங்கள் வரை இளம் தடுப்பு நியூரான்கள் மூளையின் முன்மடலை நோக்கிக் கூட்டமாக நகர்ந்துகொண்டிருப்பதைக் காட்டியது. தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்ட குழந்தையின் தலைக்குள் இன்னும் செல்கள் தங்கள் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கின்றன. குறைமாதப் பிரசவத்தின் விளைவுகளை யோசிக்கும்போது இது மனதை உறுத்தும் செய்தி.

வந்துசேர்ந்த எல்லாமே தங்குவதுமில்லை. எலிகளில் ஏறத்தாழ 40 சதவீதத் தடுப்பு நியூரான்கள் பிறந்த சில வாரங்களுக்குள் திட்டமிட்டபடி மடிந்துவிடுகின்றன. எது பிழைக்கும் என்பதில், சுற்றியுள்ள தூண்டும் செல்கள் அதனோடு எவ்வளவு பேசுகின்றன என்பதற்கும் பங்குண்டு. பயணத்துக்கு வழிகாட்டும் மரபணுக்களில் ஒன்றான ஏ.ஆர்.எக்ஸ் பழுதானால், கைக்குழந்தைகள் திடீரெனக் குனிந்து வெட்டிவெட்டி இழுக்கும் ஒருவகைக் கடும் வலிப்பு வரலாம். அந்த வலிப்பை 1841-ல் முதன்முதலாக விவரித்தவர் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் விவரித்தது தன் சொந்த மகனுக்கு வந்ததை.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1989-ல் பாரிஸில் யெஹஸ்கேல் பென்-அரி குழுவினர் புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளின் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியை ஆராய்ந்தபோது, அங்கே காபா செல்களை அடக்கவில்லை, எழுப்பியது. அதே மூலக்கூறு, செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பி, நேர் எதிரான விளைவு.

காரணம் ஏற்பியில் இல்லை. செல்லுக்குள் இருக்கும் குளோரைடில் இருக்கிறது. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் பாயும். வயலில் நீர்மட்டம் ஏரியைவிட உயர்ந்திருந்தால், திறந்த அதே மதகு வழியே தண்ணீர் ஏரிக்குத் திரும்பும். மதகுக்கென்று திசை கிடையாது. காபா செய்வதும் குளோரைடு மதகைத் திறப்பது மட்டும்தான். வளர்ந்த நியூரானுக்குள் குளோரைடு குறைவு. வெளியிலிருந்து எதிர்மின் அயனிகள் உள்ளே பாய, செல் அடங்குகிறது. இளம் நியூரானுக்குள் குளோரைடு மிகுதி. அவை வெளியேற, செல் விழித்துக்கொள்கிறது. உள்ளே இறைக்கும் ஒரு புரதம் முதலில் வேலை செய்கிறது. வெளியே இறைக்கும் கே.சி.சி.2 என்ற புரதம் பிந்தித்தான் வருகிறது. அது வந்த பிறகே காபா நாம் அறிந்த காபா ஆகிறது.

இளம் மூளைக்கு இந்தத் தூண்டுதல் எதற்கு? குளுட்டமேட் சினாப்ஸ்கள் இன்னும் முதிராத பருவத்தில், காபா எழுப்பும் அந்த மெல்லிய அலைகள்தாம் செல்களை ஒன்றோடொன்று பேசப் பழக்குகின்றன. இணைப்புகள் அந்தப் பேச்சைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. உயிருள்ள விலங்கில் இந்தத் தூண்டுதல் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. புறணியில் இளம் வயதிலேயே அது செல்லின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே மற்றத் தூண்டுதல்களை மழுங்கடிக்கவும் செய்கிறது. அந்தத் திருத்தங்களோடும் அடிப்படைக் கண்டுபிடிப்பு நிற்கிறது. 2006-ல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது: எலிகளில் பிரசவ நேரத்தில் தாயிடம் சுரக்கும் ஆக்ஸிடோசின் குட்டியின் மூளையையும் எட்டி, காபாவைச் சற்று நேரத்துக்கு அடக்கும் பொருளாக மாற்றிவிடுகிறது. உயிர்க்காற்று குறையும் அந்தப் பொழுதில் குட்டியின் மூளைக்கு அது ஒரு பாதுகாப்பு.

பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் காபாவின் விளைவைக் கூட்டும் மருந்து. பல குழந்தைகளுக்கு அது எதிர்பார்த்த அளவு கேட்பதில்லை என்பதற்குக் குளோரைடு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதி, உள்ளே இறைக்கும் புரதத்தைத் தடுக்கும் புமெட்டனைடு என்ற மருந்தை ஐரோப்பாவில் சோதித்தார்கள். பலன் காணவில்லை, சில குழந்தைகளின் செவித்திறன் பாதிக்கப்பட்டது, சோதனையைப் பாதியில் நிறுத்தி 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். எலியில் தெளிவாக இருந்தது குழந்தையின் தொட்டிலருகே தெளிவாக இல்லை.

கற்றலிலும் இந்தச் செல்களுக்குப் பங்கிருக்கிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்தால், திறந்த பிறகும் மூளை அந்தக் கண்ணைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று ஹூபல், வீசல் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் காட்டினார்கள். வளர்ந்த பூனைக்கு அப்படி ஆவதில்லை. சோம்பேறிக் கண்ணுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சை வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அந்தப் பருவச் சாளரத்தைத் திறப்பது எது? 1998-ல் தகாவோ ஹென்ஷ், காபா தயாரிக்கும் ஒரு நொதி இல்லாத எலிகளுக்கு அந்தச் சாளரம் திறப்பதே இல்லை என்று கண்டார். காபாவின் விளைவைக் கூட்டும் டயசெபாம் கொடுத்ததும் திறந்தது. சாதாரண எலிக்குட்டிக்கு முன்கூட்டியே கொடுத்தால் முன்கூட்டியே திறந்தது. அடக்குதல் போதிய அளவு முதிரும்வரை மூளை அனுபவத்தால் செதுக்கப்படத் தயாராவதில்லை. எல்லாமே இரைச்சலாக இருக்கும் இடத்தில் எந்தக் குரலுக்கும் தனி மதிப்பு இருக்க முடியாதே.

பச்சைக் குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்களில் பேச்சும் நடையும் அறிவும் பின்தங்குவது ஏன் என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. வலிப்பு மூளையைச் சேதப்படுத்துவது ஒருபுறம். வலிப்பைக் கொண்டுவரும் அதே செல் பழுது, மூளை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலையையும் நேரடியாகக் கெடுக்கிறது. வலிப்பை நிறுத்திவிட்டால் குழந்தை முழுக்கச் சரியாகிவிடும் என்று காத்திருந்து ஏமாறும் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டை யாராவது பொறுமையாக விளக்க வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று டிராவே நோய். பிரான்ஸைச் சேர்ந்த சார்லட் டிராவே 1978-ல் விவரித்தது. நல்லபடியாக வளரும் குழந்தைக்கு முதல் வயது முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் நெடுநேர வலிப்பு வரும். பிறகு மீண்டும் மீண்டும் வரும். வெந்நீரில் குளித்தாலே சிலருக்கு வரும். (தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலையில் சுடுநீர் ஊற்றிக் குளிக்கும்போது வரும் வலிப்பு மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. அது வேறு நோய். பெரும்பாலும் எளிதில் கட்டுப்படும். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரும் பயப்பட வேண்டாம்.) இரண்டாம் வயதிலிருந்து வளர்ச்சி தேங்கத் தொடங்கும்.

2001-ல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆய்வாளர்கள் இந்நோயுள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பழுது. பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. அந்த மரபணு, நியூரானுக்குள் சோடியத்தை விட்டு மின்துடிப்பைக் கிளப்பும் ஒரு வாயிலைச் செய்வது. இங்கேதான் எல்லோரும் திகைத்தார்கள். சோடிய வாயில் குறைந்தால் நியூரான்கள் சோர்ந்து அமைதியாக வேண்டும். வலிப்பு மருந்துகளில் பல சோடிய வாயிலை அடைத்தே வேலை செய்கின்றன. பிறகு ஏன் இந்தக் குழந்தைகளுக்கு ஓயாத வலிப்பு?

2006-ல் சியாட்டிலில் வில்லியம் கேட்டரல் குழுவினர் அதே பழுதுள்ள எலிகளில் விடையைக் கண்டார்கள். தூண்டும் நியூரான்களுக்குச் சோடியத்துக்கென வேறு வாயில்களும் உண்டு. ஒன்று குறைந்தாலும் சமாளித்துக்கொள்கின்றன. நொடிக்கு நூறு முறை துடிக்க வேண்டிய தடுப்பு நியூரான்களோ பெரிதும் இந்த ஒரு வாயிலையே நம்பியிருக்கின்றன. ஆகவே சோர்ந்துபோனவை அவை மட்டும். கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற சோடியம் அடைக்கும் மருந்துகள் பல டிராவே குழந்தைகளின் நிலையை மோசமாக்கியதற்கும் அதுவே காரணம்: ஏற்கெனவே தளர்ந்திருந்த செல்களை அவை மேலும் தளர்த்தின. சரியான நேரத்தில் ஒரு மரபணுச் சோதனை செய்வது இங்கே ஆய்வு ஆர்வத்துக்காக அல்ல; எந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்று அறிவதற்காக.

அந்த மரபணு ஒரு நீதியையும் வழங்கியது. முதல் வலிப்பு பல குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு வரும் காய்ச்சலில் வந்ததால், ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்று நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழுவினர் அப்படிக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ பழுது இருந்தது. ஊசி போட அழைத்துப்போனோமே என்று ஆண்டுக்கணக்கில் தங்களையே நொந்துகொண்டிருந்த தாய்தந்தையருக்கு, குற்றம் அவர்களுடையது அல்ல என்று ஒரு சோதனைத்தாள் சொன்னது. அறிவியல் தரக்கூடிய ஆறுதல்களில் இதைவிடப் பெரியதை நான் அதிகம் அறியேன்.

வலிப்பு தொடங்கியபின் இந்தச் செல்கள் என்ன செய்கின்றன? அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளிகளின் புறணியில் நுண்மின்முனைகள் வைத்துப் பதிவு செய்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. மூளையின் மின்பதிவான இ.இ.ஜி.யில் பரந்த பகுதி முழுதும் கொந்தளிப்பதாகத் தெரிந்தாலும், உள்ளே உண்மையான வலிப்பு முனை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே ஊர்ந்தது. அதற்கு முன்னாலிருந்த பகுதி தூண்டுதல் வெள்ளத்தைத் தாங்கிக்கொண்டு, பற்றிக்கொள்ளாமல் நின்றது; நிற்க வைத்தது அடக்குதல். அது களைத்து விழுந்த இடத்தில் மட்டுமே முனை முன்னேறியது.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாக அடங்கிவிடும். கையில் திணித்த சாவிக்கொத்துக்கும் இரும்புத் துண்டுக்கும் அந்தப் பெருமை போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கதை வேறு. நீடிக்கும் வலிப்பில் நியூரான்கள் தம் மேற்பரப்பிலுள்ள காபா ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. அந்த ஏற்பிகள் வழியே வேலை செய்யும் மிடசோலம், லோராசெபாம் போன்ற மருந்துகளுக்குப் பற்றிக்கொள்ள இடம் குறைந்துகொண்டே போகிறது. சீக்கிரம் கொடுத்தால் கேட்கும் அதே மருந்து, தாமதித்தால் கேட்காமல் போகலாம். சாவி தேடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரே வீட்டில் இருந்தால் அவர் சொன்னபடி அடியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு எந்த மாத்திரையும் முழுப் பலன் தருவதில்லை. அவர்களில் சிலருக்கு வலிப்பு தொடங்கும் மூளைப் பகுதியை அறுவை சிகிச்சையால் எடுத்துவிடுவது நல்ல வழி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையம் 1990-களிலிருந்து இதைச் செய்துவருகிறது. ஹிப்போகேம்பஸை எடுக்கும்போது நினைவாற்றலில் ஒரு பங்கும் போகக்கூடும் என்பது அதன் விலை. எடுப்பதற்குப் பதில் செல்களைச் சேர்த்தால் என்ன? 2013-ல் ஸ்காட் பாராபன் குழுவினர், கருவின் அந்த அடிமேட்டிலிருந்து எடுத்த இளம் தடுப்பு நியூரான்களை வலிப்புள்ள வளர்ந்த எலிகளின் ஹிப்போகேம்பஸில் வைத்தார்கள். அவை அங்கே பரவி, இணைந்து, வலிப்பை வெகுவாகக் குறைத்தன.

2022-ல் அமெரிக்காவில் மனிதர்களிடம் அந்தச் சோதனை தொடங்கியது. மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த தடுப்பு நியூரான்களை, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ளவர்களின் ஹிப்போகேம்பஸில் ஒரே முறை ஊசியால் செலுத்துகிறார்கள். முதலில் சிகிச்சை பெற்ற சிலருக்கு வலிப்பு பெருமளவு குறைந்திருக்கிறது. இன்னும் பலரிடம் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். மனிதத் தடுப்பு நியூரான் முதிரப் பல மாதங்கள் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது. எலிகளின் பார்வைப் புறணியில் இதேபோல் இளம் செல்களை வைத்தபோது, மூடிப்போன பருவச் சாளரம் மறுபடி திறந்ததை 2010-ல் இன்னொரு குழு கண்டது. மனிதரின் நினைவுப் பகுதிக்குள் போகும் செல்கள் வலிப்பை அடக்குவதோடு நிற்குமா, சுற்றியுள்ள பழைய இணைப்புகளையும் இளக்குமா என்பதையும் மருத்துவர்கள் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த நோயாளிகளிடம் வலிப்பு எண்ணிக்கையைக் கேட்பதோடு, நினைவாற்றல் தேர்வுகளையும் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்.